வாடகை வீட்டில் நாய்: சான்றிதழ் காட்டினால் ஓனர் மறுக்க முடியாதா?

கேள்வி இதுதான்: "புதுச்சேரி லாஸ்பேட்டையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் பதற்ற நோய். மனநல மருத்துவரிடம் சிகிச்சை நடக்கிறது. போன வருடம் ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தோம். அது வந்த பிறகுதான் அவள் இரவில் தூங்குகிறாள். இப்போது ஓனர், நாயை அனுப்புங்கள், இல்லை என்றால் காலி பண்ணுங்கள் என்கிறார். இணையத்தில் பணம் கட்டினால் 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' சான்றிதழ் தருகிறார்கள். அதைக் காட்டினால் அவரால் மறுக்க முடியாதா? சில மாதங்களில் கணவரின் வேலைக்காகக் கடலூருக்கு மாறுவோம். அங்கே நிலைமை எப்படி?"

அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். அதற்கு இந்தியாவில் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. மன ஆதரவுப் பிராணி (நீங்கள் சொல்லும் 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்') என்று ஒரு வகையை அங்கீகரித்து, வீட்டு உரிமையாளர் அதை ஏற்றே ஆகவேண்டும் என்று சொல்லும் சட்டம் புதுச்சேரியிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை, மத்திய அரசின் சட்டங்களிலும் இல்லை. நான் வாடகை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். இப்படி ஒரு காகிதத்தோடு வருபவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பணம் போவதை விடவும் எனக்கு வருத்தம் தருவது வேறு: அந்தக் காகிதத்தை நம்பி ஓனரிடம் சண்டை பிடித்துவிடுகிறார்கள். பேசி முடித்திருக்கக்கூடிய விஷயம் அதோடு கெட்டுப் போகிறது.

இந்தச் சான்றிதழ் யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், இங்கே ஏன் ஒட்டவில்லை என்பதும் புரியும். அமெரிக்காவில் வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-இல் வந்தது. 1988-இல் அதைத் திருத்தி மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். மாற்றுத்திறன் உள்ள ஒருவர் அந்த வீட்டில் மற்றவர்களைப் போல வாழ, வீட்டு விதிகளில் நியாயமான விலக்கு கேட்டால் உரிமையாளர் தரவேண்டும் என்பது அதன் சாரம். 'இந்தக் கட்டடத்தில் பிராணிகளுக்கு இடமில்லை' என்பதும் ஒரு விதிதானே. அந்த வழியாகத்தான் மன ஆதரவுப் பிராணி வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பயிற்சி தேவையில்லை, கூட இருந்தால் போதும். அதற்காகத் தனி டெபாசிட்டும் கேட்கக் கூடாது.

பொது இடங்களுக்கு அங்கே வேறு சட்டம். கடை, ஓட்டல், அலுவலகம் போன்ற இடங்களில் உரிமையோடு நுழையக்கூடியது சேவை நாய் மட்டும். பார்வையற்றவரை வழிநடத்துவது, வலிப்பு வரும்போது உதவுவது என்று குறிப்பிட்ட ஒரு வேலைக்குப் பயிற்சி பெற்ற நாய் அது. கூட இருந்து ஆறுதல் தருவதை மட்டும் அந்தச் சட்டம் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. சேவை நாய்க்குக்கூட அங்கே அரசுப் பதிவேடோ அடையாள அட்டையோ கிடையாது. இணையத்தில் பளபளவென்று விற்கும் அட்டைகளும் நாய்க்குப் போடும் சட்டைகளும் அங்கேயே வெறும் வியாபாரம்தான்.

சர்ச்சை பெரிதானது விமானங்களில். கட்டணமில்லாமல் கேபினில் கொண்டுபோகலாம் என்பதால் நாய், பூனை போக பன்றி, வாத்து என்றெல்லாம் வர ஆரம்பித்தன. 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலைக் கொண்டு வந்து, விமான நிறுவனம் ஏற்ற மறுத்தது உலகச் செய்தியானது. 2020 டிசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. அதன்படி மன ஆதரவுப் பிராணிகளைச் சாதாரண வளர்ப்புப் பிராணிகளாகவே நடத்தும் உரிமை விமான நிறுவனங்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு வீட்டு வசதித் துறையும் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கேள்வித்தாளை நிரப்பிப் பணம் கட்டிய யாருக்கும் சான்றிதழ் தரும் இணையதளங்களின் காகிதம் மட்டும் போதுமான ஆதாரம் ஆகாது என்று அதில் சொல்லியிருந்தது. 2022 முதல் கலிபோர்னியாவில், குறைந்தது 30 நாளாவது தன்னிடம் சிகிச்சையில் இருப்பவருக்குத்தான் மருத்துவர் மன ஆதரவு நாய்க்குக் கடிதம் தரலாம். நீங்கள் பார்த்த இணையதளங்கள் விற்பது, அந்த ஊரிலேயே சந்தேகத்தோடு பார்க்கப்படும் சரக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவின் அந்த வீட்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: நான்கு குடியிருப்புகளுக்கு மேல் இல்லாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் பெரும்பாலான பிரிவுகள் அவருக்குப் பொருந்தாது. லாஸ்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் மஞ்சக்குப்பத்திலும் வாடகை வீடுகள் பெரும்பாலும் எப்படி இருக்கின்றன? கீழே ஓனர், மேலே ஒன்றோ இரண்டோ போர்ஷன். அதாவது உங்கள் வீட்டை அப்படியே தூக்கி அமெரிக்காவில் வைத்தாலும் அந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதனால் உங்கள் மகளுக்கு நாயால் கிடைக்கும் நிம்மதியை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது உண்மையானது. நாயைத் தடவிக்கொடுக்கும்போது இதயத் துடிப்பு சீராவது, ஒரு உயிர் நம்மை நம்பி இருப்பதால் காலையில் எழுந்தே ஆகவேண்டும் என்ற ஒழுங்கு வருவது, தனிமை குறைவது எல்லாம் மருத்துவர்களும் ஏற்பவை. சண்டை அதைப் பற்றியது இல்லை. அந்த நிம்மதியை எப்போது சட்ட உரிமையாக்குவது, யார் சொன்னால் நம்புவது, பக்கத்து வீட்டுக்காரரின் பயத்துக்கும் ஒவ்வாமைக்கும் என்ன பதில் என்பதுதான் சண்டை. போலிச் சான்றிதழ் பெருகும்போது முதலில் அடிபடுவது, வழிகாட்டி நாயோடு உண்மையிலேயே நடமாட வேண்டிய பார்வையற்றவர்தான். 'இவரும் காசு கொடுத்து அட்டை வாங்கியவராக இருப்பார்' என்ற சந்தேகம் அவர்மேல் விழும். அந்த அட்டையை வாங்க வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மனநோயும் அதில் உண்டு. நியாயமான வசதி செய்து தருவது என்ற கருத்தும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு தனியார் வீட்டுக்காரர் வாடகைதாரரின் நாயை ஏற்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு இல்லை. நாளைக்கு ஒரு நீதிமன்றம் அந்தக் கருத்தை அவ்வளவு தூரம் நீட்டலாம். நீட்டவேண்டும் என்பது என் விருப்பமும்கூட. ஆனால் அந்த வழக்கை உங்கள் மகளை வைத்து நடத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்கு வேறு விதத்தில் முக்கியம். ஒருவருடைய மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவது அவருடைய உரிமை என்று அதன் 23-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உரிமையை நீங்களே கைவிடாதீர்கள். மருத்துவரின் கடிதத்தை ஓனரிடம் காட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நாய்ப் பிரச்சினை தீராது. "அந்தப் பெண்ணுக்கு ஏதோ மனசு சரியில்லையாம்" என்ற பேச்சு தெரு முழுக்கப் போகும். நாயை ஏற்காதவர் நோயையும் ஏற்க மாட்டார். உங்கள் ஓனர் நல்லவர், வாய் காப்பவர் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அதுவும் மகள் சம்மதித்தால் மட்டும், வாய்வார்த்தையாகச் சொல்லுங்கள். காகிதம் கொடுக்க வேண்டாம்.

புதுச்சேரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். பிரான்சில் 1970 ஜூலை 9-ஆம் தேதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடியிருப்பு வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணி வைக்கக் கூடாது என்று எழுதினால் அந்த வரியே செல்லாது என்கிறது அது. பிராணி வீட்டுக்குச் சேதம் செய்யக் கூடாது, குடியிருப்போரின் அமைதியைக் கெடுக்கக் கூடாது. ஆபத்தான நாய் வகைகளுக்கு மட்டும் தடை போடலாம். அவ்வளவுதான். மருத்துவர் கடிதம் வேண்டாம், நோயைச் சொல்ல வேண்டாம், யாரும் பொய் சொல்லவும் வேண்டாம். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதனால் எட்டு வருடம் கழித்து வந்த அந்தச் சட்டம் நமக்கு இல்லை. என்னைக் கேட்டால் நாம் பார்க்க வேண்டியது அமெரிக்க வழியை அல்ல, இந்த வழியைத்தான். நோயாளி என்று நிரூபித்தால்தான் நாய் என்றால், நிரூபிக்க வசதியுள்ளவருக்கு மட்டும் நாய் கிடைக்கும். எல்லோருக்கும் அனுமதி, தொல்லை தந்தால் பொறுப்பு என்றால் ஓனருக்கும் பாதுகாப்பு, வாடகைதாரருக்கும் மரியாதை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். புதுச்சேரியில் 1969-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் பொருந்தும் வீடாக இருந்தால், ஓனர் நினைத்த நேரத்தில் உங்களை வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, கட்டடத்துக்குப் பெரிய சேதம், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை, சொந்தத் தேவை என்று சட்டம் சொல்லும் காரணம் ஒன்றைக் காட்டி உத்தரவு வாங்க வேண்டும். 11 மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் சாமானை வெளியே தூக்கி வைக்க முடியாது. நாய் இருப்பதே ஒரு காரணம் ஆகாது. ஆனால் இரவெல்லாம் குரைக்கும் நாய், மாடிப்படியில் அசுத்தம் செய்யும் நாய், யாரையாவது கடித்த நாய் என்றால் 'தொல்லை' என்ற பிரிவுக்குள் வர வாய்ப்பு உண்டு. கடி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வளர்க்கும் பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

அதனால் இன்றைக்கே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பிராணி வைக்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா? இருந்தால், அதை நீங்கள் கையெழுத்துப் போட்டு ஏற்றிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் பலவீனம். இல்லை என்றால் நாய் வளர்க்க ஓனரிடம் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்ற சட்டக் கடமை ஏதும் இல்லை. ஆனாலும் கீழே கோபத்தோடு ஒரு குடும்பம், மேலே பயத்தோடு ஒரு குடும்பம் என்று வருடக்கணக்கில் வழக்கு நடத்திக்கொண்டு வாழ்வது, பதற்ற நோயில் இருக்கும் பெண்ணுக்கு நல்லதா? சட்டம் உங்கள் பக்கம் இருப்பதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆயுதமாக எடுக்காதீர்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கதை வேறு. இந்திய விலங்குகள் நல வாரியம், அதன் தலைமையகம் சென்னையில் இருந்த காலத்தில், 2015 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்றது அது. சங்கங்களின் அப்படிப்பட்ட தடை விதிகள் செல்லாது என்று 2021-இல் கேரள உயர்நீதிமன்றமும் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம்மை நேராகக் கட்டாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர்நீதிமன்றம்தான். ஆனால் எடுத்துக்காட்டி வாதாடலாம். இவை இரண்டும் சங்கத்துக்கு எதிரானவை என்பதை மறக்காதீர்கள். தன் வீட்டை யாருக்கு, எந்த நிபந்தனையில் விடுவது என்று முடிவு செய்யும் தனி ஓனரை இவை கட்டாயப்படுத்தாது.

ஆக, பேசத்தான் வேண்டும். பேசுவதற்கு முன் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கண்டுபிடியுங்கள். "நாய் வேண்டாம்" என்று சொல்பவர்களில் பலருக்கு நாய்மீது வெறுப்பு இல்லை. மொட்டை மாடியில் வடகமும் வற்றலும் காயப்போடும் இடத்தில் நாய் சிறுநீர் கழிக்கிறது. வாசலில் போட்ட கோலத்தை மிதிக்கிறது. பேரக்குழந்தை படியேறும்போது பாய்கிறது. நீங்கள் வெளியே போனதும் ஓயாமல் ஊளையிடுகிறது. பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்றுதான் இருக்கும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீங்களோ மகளோ கீழ்வீட்டு அம்மாவிடம் போய், "அம்மா, எங்க நாயால உங்களுக்கு என்ன கஷ்டம்னு சொல்லுங்க, சரி பண்ணிக்கிறோம்" என்று கேட்டால் அநேகமாக உண்மையான பதில் வரும். கணவர்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது அது வருவதில்லை.

குரைப்பது, ஊளையிடுவது தனியே விடப்பட்ட பயத்தால் என்றால் பழக்கப்படுத்த முடியும். ஐந்து நிமிடம் வெளியே போய் வருவது, பிறகு பத்து, பிறகு அரைமணி என்று மெல்ல நீட்ட வேண்டும். குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். வலியோ நோயோ இருந்தாலும் நாய் அப்படிக் கத்தும். கருத்தடை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை வருடா வருடம் போட்டு, அந்தப் புத்தகத்தின் நகலை ஓனரிடம் கொடுங்கள். கொடுக்க வேண்டிய காகிதம் இதுதான். இணையச் சான்றிதழைவிட இதற்கு மதிப்பு அதிகம். அவருடைய பேரக்குழந்தையைப் பற்றிய பயத்துக்கு இது நேரான பதில்.

பேச்சு சுமுகமாக முடிந்தால் அங்கேயே நிறுத்தாதீர்கள், எழுத்தில் கொண்டுவாருங்கள். பழைய ஒப்பந்தத்தோடு ஒரு துணை ஒப்பந்தம் போதும். இப்படி எழுதலாம்: "வாடகைதாரர் தமது ஒரு நாயை இவ்வீட்டில் வளர்ப்பதற்கு உரிமையாளர் சம்மதிக்கிறார். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும், பொதுவழியிலும் மாடிப்படியிலும் கயிற்றில் பிடித்துச் செல்வதும், அசுத்தத்தை உடனே அகற்றுவதும் வாடகைதாரர் பொறுப்பு. நாயால் ஏற்படும் சேதத்தை, இயல்பான தேய்மானம் நீங்கலாக, வாடகைதாரர் சரிசெய்து தருவார். புகார் இருந்தால் உரிமையாளர் எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய முப்பது நாள் அவகாசம் தருவார்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் கோபத்தில் காலி பண்ணச் சொல்வதைத் தடுப்பது அதுதான். ஓனர் அட்வான்ஸில் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அது திருப்பித் தரவேண்டிய தொகை என்று எழுதி வாங்குங்கள்.

'இயல்பான தேய்மானம்' என்று நான் சேர்த்ததற்குக் கடற்கரை ஊர்தான் காரணம். புதுச்சேரியிலும் கடலூரிலும் சுவரில் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், சுண்ணாம்பு உதிரும். வீட்டைக் காலி செய்யும்போது அதெல்லாம் நாய் செய்ததாக அட்வான்ஸில் கழிப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். குடிபுகும் அன்றே ஒவ்வொரு அறையின் சுவர் அடிப்பகுதி, தரை, கதவு நிலை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து ஓனருக்கே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் ஏற்கனவே குடியிருப்பதால், துணை ஒப்பந்தம் எழுதும் நாளில் எடுங்கள்.

கடலூர் போனால் சட்டம் மாறும். அங்கே பொருந்துவது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அங்கே வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் குடிபோகாதீர்கள். பாகூர் பக்கம் வீடு பார்த்தால் அது எந்த மாநிலத்தில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். அந்தப் பகுதியில் எல்லை வளைந்து வளைந்து போகிறது.

புரோக்கரிடம் முதல் போனிலேயே "எங்களிடம் ஒரு நாய் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். பத்து வீட்டில் எட்டு வீடு அப்போதே போய்விடும். போகட்டும். மறைத்துக் குடிபோய், பிறகு தெரிந்து, ஆறாவது மாதம் மறுபடி வீடு தேடுவதைவிட அது நல்லது. ஓனர் கூடவே குடியிருக்காத தனி வீடாகப் பாருங்கள். கூத்தப்பாக்கம், செம்மண்டலம் பக்கம் தேடலாம். நாய் இருப்பவர்கள் தரைத்தளம் கேட்பது வழக்கம், ஆனால் இந்த இரண்டு ஊரிலும் வெள்ளத்தையும் யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர். அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. அப்படி ஒரு இரவில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏற மொட்டை மாடியாவது வேண்டும். அதன் சாவி உங்களிடம் இருக்குமா என்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பேசியும் இப்போதைய ஓனர் மசியவில்லை என்றால், கடலூர் போகும் தேதியைச் சொல்லி அதுவரை அவகாசம் கேளுங்கள். வெளியேறும் தேதி எழுத்தில் கிடைத்தால் பெரும்பாலான ஓனர்கள் இரண்டு மூன்று மாதம் பொறுப்பார்கள். அந்த இடைவெளியில் நாயை எங்கேயாவது விட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் வீட்டில் யாருக்கும் வரக் கூடாது. வளர்த்த பிராணியைப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அபராதம் வெட்கப்படும் அளவுக்குச் சிறியது, முதல் முறை 10 முதல் 50 ரூபாய்தான். ஆனால் உங்கள் மகளுக்கு அதனால் வரும் இழப்பு பெரிது. வேறு வழியே இல்லை என்றால் கடலூரிலோ ஊரிலோ தனி வீடு உள்ள உறவினரிடம் சில வாரம் விடுங்கள். மகள் வாரம் ஒருமுறையாவது போய்ப் பார்க்கட்டும். அந்த ஏற்பாட்டை அவளுடைய மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள், பிரிந்திருக்கும் நாட்களில் தூக்கம் மறுபடி கெடலாம். நடுராத்திரியில் பதற்றம் வந்து மருத்துவரை அழைக்க முடியாவிட்டால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.